வெளிப்புற இரும்பு ஸ்பைரல் படிக்குச் சரியான கைப்பிடி போடுவது எப்படி?

முத்துநகர்வாசி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மொட்டை மாடிக்கு ஏற வீட்டுக்கு வெளியே ஒரு இரும்பு ஸ்பைரல் படி இருக்கிறது. அப்பா போட்டது, பதினைந்து வருடம் இருக்கும்.

அளவு சொல்லிவிடுகிறேன். குறுக்களவு 5 அடி. நடுவில் நாலு இஞ்ச் பைப். மொத்தம் 16 படி, ஒவ்வொன்றும் 8 இஞ்ச் உயரம். 12 படி ஏறினால் ஒரு முழுச் சுற்று முடிகிறது. படியெல்லாம் செக்கர் பிளேட், அதாவது மேடு கோடு போட்ட இரும்புத் தகடு. ஒரு படிக்கு ஒரே ஒரு 16 மி.மீ. சதுரக் கம்பி, படியின் நடுவில் வைத்து வெல்டு செய்திருக்கிறார்கள். இரண்டரை அடி உயரத்தில் ஒரு இஞ்ச் பிளாட் பட்டை ஓடுகிறது. அதுதான் இத்தனை நாளும் கைப்பிடி.

போன வாரம் காயப்போட்ட வற்றலை எடுக்க அம்மா மாடிக்குப் போனார்கள். தூறல் ஆரம்பித்துவிட்டது. ஒரு கையில் தட்டு. மேலிருந்து நான்காவது படியில் கால் வழுக்கியது. இன்னொரு கை பட்டையைப் பிடித்ததால் விழவில்லை. ஆனால் பட்டையின் ஓரம் உள்ளங்கையைக் கிழித்து நாலு தையல். அம்மாவுக்கு 67 வயது. என் மகளுக்கு மூன்று வயது, அவளும் இப்போது பாட்டி பின்னாலேயே மாடி ஏறுகிறாள்.

பட்டைக்கு மேல் ஒரு உருண்டைப் பைப்பை வைத்து வெல்டு செய்தால் போதுமா? எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன் | திங்கள், இரவு 10.25

அம்மா கை சீக்கிரம் ஆறட்டும் தம்பி. மதுரையில் பட்டறை வைத்திருக்கிறேன், முப்பது வருடமாக இந்த வேலைதான்.

பைப் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நடுப்படியில் நின்று அந்தச் சதுரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். கம்பி மட்டும் ஆடினால் கம்பியின் அடி வெல்டு போயிருக்கிறது. படியும் சேர்ந்து ஆடினால் நடுப் பைப்போடு படி சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். அதை விட்டுவிட்டுக் கைப்பிடி போட்டால், ஆடுகிற படிக்கு மேல் ஆடாத கைப்பிடி என்று ஆகிவிடும். ஆபத்து அப்படியே இருக்கும்.

இன்னொன்று. ஸ்பைரல் படி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் உள்ள பலகை மாதிரி. வெளி ஓரம் அந்தரத்தில்தான் நிற்கிறது. அதனால் கம்பி போடும்போது, மேல்படியின் முன் ஓரத்தில் நிற்கிற கம்பியைக் கீழே நீட்டி, அடுத்த படியின் பின் ஓரத்தோடும் சேர்த்து வெல்டு செய்யுங்கள். ஒரு கம்பி இரண்டு படியைப் பிடிக்கும். இப்படிப் பதினாறும் சங்கிலி போலக் கோத்துக்கொண்டால் ஏறும்போது வரும் அந்தத் துள்ளல் நின்றுவிடும். உங்கள் படியில் கம்பி நடுவில் இருப்பதால் இந்தப் பலன் இதுவரை கிடைக்கவே இல்லை.

சிவில்_திருச்சி | செவ்வாய், காலை 7.10

பட்டறைக்கார அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் அளவு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு ஸ்பைரல் படிக்குக் குறைந்தது 1500 மி.மீ. குறுக்களவு கேட்கிறது. உங்களுடையது அதில் தேறிவிடும். கைப்பிடி உயரம் 1000 மி.மீ. வையுங்கள். இப்போது இருக்கும் இரண்டரை அடி, இறங்கும்போது தொடைக்குத்தான் வரும். தடுமாறும் ஆளை நிறுத்தாது, மேலே கவிழ்த்துவிடும்.

இடைவெளி அதைவிட முக்கியம். வெளி ஓரத்தில் ஒரு சுற்று 4712 மி.மீ. வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் படிக்கு 393 மி.மீ., அதாவது பதினைந்தரை இஞ்ச். படிக்கு ஒரு கம்பி என்றால் அந்தச் சந்தில் உங்கள் மகள் முழுதாகவே போய்விடுவாள். நாலு இஞ்ச், அதாவது 100 மி.மீ.க்கு மேல் எங்கும் இடைவெளி இருக்கக் கூடாது. படிக்கு மூன்று கம்பி போட்டால் 115 மி.மீ. வருகிறது, போதாது. நாலு போட்டால்தான் 82 மி.மீ.க்கு இறங்குகிறது. குறுக்குக் கம்பி மட்டும் வேண்டாம், குழந்தைகளுக்கு அது ஏணி.

பட்டறைக்காரன் | செவ்வாய், காலை 8.00

சார் சொல்வது சரிதான், ஆனால் நடைமுறையில் எல்லோரும் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். குழந்தை இருக்கிற வீடு என்பதால் நாலே போடுங்கள். பாரம் ஏறும் என்று பயந்தால், படிகளைக் கோக்கிற முன் ஓரக் கம்பியை மட்டும் 16 மி.மீ. சதுரமாக வைத்துக்கொண்டு, இடையில் வருவதை 12 மி.மீ. உருண்டைக் கம்பியாகப் போடலாம். சதுரம் மீட்டருக்கு இரண்டு கிலோ வரும், 12 உருண்டை ஒரு கிலோகூட வராது.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. அத்தனை கம்பியையும் ஒரே நீளத்துக்கு வெட்டிவிடுவார்கள். கைப்பிடி ஒரு படிக்குள்ளேயே 200 மி.மீ. ஏறுகிறது, படியோ மட்டமாக இருக்கிறது. அதனால் ஒரே படியில் நிற்கும் நாலு கம்பியும் நாலு நீளம். முன்னதைவிட அடுத்தது 50 மி.மீ. கூட. உங்கள் அளவுக்கு 952, 1002, 1052, 1102 என்று வரும். முன் ஓரக் கம்பிக்கு மட்டும் கீழ்ப்படி வரை போக இன்னும் 200 சேர்த்து வெட்டுங்கள். இப்போது நடுவில் நிற்கும் பழைய கம்பி, வரிசையில் மூன்றாவது இடத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது. அதன் தலையில் 290 மி.மீ. துண்டு வைத்து நீட்டினால் போதும். கம்பிகளின் தலையை 27 டிகிரி சாய்த்து வெட்டினால் பைப்பின் அடியில் ஒட்டி உட்காரும்.

நெல்லை அம்மா | செவ்வாய், மதியம் 2.30

நான் கட்டுமானம் தெரிந்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் இதே மாதிரிப் படியில் இருபது வருடமாக ஏறி இறங்குகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கைப்பிடியின் கீழ் முனையைத் திறந்தபடி விடாதீர்கள். எங்கள் வீட்டில் பைப்பை நேராக வெட்டி விட்டிருந்தார்கள். ஒரு நாள் இறங்கி முடித்துத் திரும்பும்போது முந்தானை அந்தப் பைப் வாய்க்குள் மாட்டிக்கொண்டது. நான் நடந்துவிட்டேன், சேலை வரவில்லை. பின்னால் சாய்ந்து படியின் ஓரத்தில் இடுப்பு இடித்தது. இரண்டு வாரம் குனிய முடியவில்லை. அப்புறம்தான் முனையை வளைத்துக் கம்பியோடு சேர்த்து மூடினோம். பள்ளிக்கூடப் பை, துப்பட்டா எல்லாமே மாட்டும்.

இரண்டாவது, வெயில். சித்திரை வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு இரும்புக் கைப்பிடியைத் தொடவே முடியாது. தொட முடியாத கைப்பிடி இருந்தும் என்ன பயன்? சூடு என்று கையை எடுக்கிற நேரத்தில்தான் கால் தடுமாறும். நாங்கள் கயிறு சுற்றிப் பார்த்தோம். கைக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தால் உள்ளே பைப் செதில் செதிலாக உரிந்திருந்தது. இப்போது கிரீம் நிறம் அடித்திருக்கிறோம். கறுப்பு அடித்திருந்தபோது பட்ட சூட்டுக்கு இது எவ்வளவோ தேவலை.

கடலோரம் | செவ்வாய், இரவு 8.15

திருவான்மியூர். எஸ்.எஸ். பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆறு வருடம் முன்பு இரும்புப் படிக்கு எஸ்.எஸ். கைப்பிடி போட்டார்கள். 304 ரகம் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். எட்டாவது மாதமே டீ கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். காந்தம் ஒட்டவில்லையே, நல்ல எஸ்.எஸ். தானே என்று நானும் நினைத்தேன். 202 என்கிற மலிவு ரகத்துக்கும் காந்தம் ஒட்டாது, 304-க்கும் ஒட்டாது என்று பிறகுதான் தெரிந்தது. காந்தத்தை நம்பி இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. துளி விட்டு நிறம் பார்க்கிற சோதனைத் திரவம் விற்கிறது, அதை வாங்கிக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். கடல் காற்றுக்கு 316 தான் நிற்கும், விலை எங்கேயோ இருக்கும்.

இன்னொரு கெடுதலும் நடந்தது. இரும்புக் கம்பியையும் எஸ்.எஸ். பைப்பையும் சாதாரண வெல்டிங் ராடு வைத்தே ஒட்டிவிட்டார்கள். துரு முதலில் அந்த ஒட்டிலிருந்துதான் கிளம்பியது. ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது.

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 9.00

எஸ்.எஸ்.ஸையும் இரும்பையும் சேர்க்க 309எல் ராடு வேண்டும். நிறைய பேர் வாங்கி வைத்திருப்பதில்லை. தூத்துக்குடி உப்புக் காற்றில் இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். என்னைக் கேட்டால் முழுக்க இரும்பு போட்டு, பெயின்டில் செலவு செய்யுங்கள்.

பைப் வாங்கப் போகும்போது கவனம். இரும்புப் பைப்பை உள்துளை அளவில் சொல்வார்கள், எஸ்.எஸ். பைப்பை வெளி அளவில் சொல்வார்கள். "ஒன்றரை இஞ்ச்" இரும்புப் பைப் என்று கேட்டு வாங்கினால் வெளியே 48 மி.மீ. வரும். அம்மா கைக்கு அது தடிமன். ஒன்றேகால் கேளுங்கள், வெளியே 42 வரும், விரல் சுற்றிப் பிடிக்கலாம். மஞ்சள் பட்டை அடித்தது ஏ கிளாஸ், 2.6 மி.மீ. கனம். கைப்பிடிக்கு அது தாராளம். நீலப் பட்டை பி கிளாஸ் வேண்டியதில்லை. சதுரப் பைப் போடலாமா என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். சுழன்று ஏறும்போது சதுரத்தை முறுக்கவும் வேண்டும், உருண்டைக்கு அந்தத் தொல்லை இல்லை.

முத்துநகர்வாசி | புதன், காலை 6.50

எல்லோருக்கும் நன்றி. ஆட்டிப் பார்த்தேன். மூன்றாவது படியும் பதினொன்றாவதும் ஆடுகின்றன. சுரண்டினேன், அண்ணன் சொன்ன அதே கோடு. முதலில் அதைச் சரி செய்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். பைப்பை வளைப்பது எப்படி? இங்கே ரோலிங் போடுகிற பட்டறையில் "5 அடி குறுக்களவுக்கு வளைத்துத் தருகிறேன்" என்கிறார்கள்.

சிவில்_திருச்சி | புதன், காலை 9.20

5 அடிக்கு வளைக்கச் சொல்லாதீர்கள்! இதை எழுதத்தான் காத்திருந்தேன்.

மேலிருந்து பார்த்தால் கைப்பிடி 750 மி.மீ. ஆர வட்டமாகத்தான் தெரியும். ஆனால் பைப் சாய்ந்து ஏறுகிறது. சாய்ந்து போகிற பைப்பின் உண்மையான வளைவு அதைவிட விரிந்தது. 750-க்கு வளைத்து வாங்கினால், மேலே இழுத்து நீட்டும்போது வட்டம் சுருங்கி உள்ளே போய்விடும். கம்பிகளின் தலையில் உட்காரவே உட்காராது.

கணக்கு இதுதான். ஒரு சுற்றுக்கு ஏறும் உயரம் 2400. அதை 6.28 ஆல் வகுத்தால் 382. 382-ஐ 382-ஆல் பெருக்கி 750-ஆல் வகுத்தால் 195. 750-ஓடு 195 சேர்த்தால் 945. தட்டையாக வளைக்க வேண்டிய ஆரம் 945 மி.மீ.

நீளத்தைப் பார்க்கக் கணக்கே வேண்டாம். ஒரு காகிதத்தில் அடி 4712, உயரம் 2400 என்ற விகிதத்தில் செங்கோண முக்கோணம் வெட்டி, அதே விகிதத்துக்குப் பொருந்தும் டப்பாவில் சுற்றுங்கள். சாய்ந்த ஓரம்தான் உங்கள் கைப்பிடி. அது 5288 மி.மீ. வரும். உங்களுக்கு ஒன்றேகால் சுற்றுக்கும் கொஞ்சம் மேல் என்பதால் மொத்தம் சுமார் 7050, அதாவது 23 அடி. பைப் 20 அடி நீளத்தில்தான் வரும், எனவே இரண்டு வாங்க வேண்டும்.

பட்டறைக்காரன் | புதன், காலை 11.00

சார், இந்தக் கணக்கு இல்லாமல்தான் எங்கள் அப்பா காலத்திலிருந்து செய்கிறோம். கம்பிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் ஒரு தண்ணீர் ஹோஸைச் சுற்றிக் கட்டுவோம். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். சரி செய்த பிறகு பைப்பை அடியில் டாக், அதாவது சின்னப் புள்ளி வெல்டு போட்டு, இரண்டு பேர் இழுத்து வளைத்து, கம்பிக்குக் கம்பி டாக் போட்டுக்கொண்டே மேலே போவோம். வளைய மறுக்கிற இடத்தில் லேசாகக் கேஸ் சூடு.

சிவில்_திருச்சி | புதன், காலை 11.40

அண்ணே, உங்கள் கைக்கு அது வரும், மறுக்கவில்லை. ஆனால் இழுத்துப் பிடித்து ஒட்டிய பைப்பில் விசை அப்படியே நிற்கிறது. உப்புக் காற்றில் ஒரு ஒட்டு விட்டுப்போனால் பைப் தெறித்து வெளியே வரும். முன்கூட்டி வளைத்த பைப் தானாகவே கம்பியின் மேல் உட்கார வேண்டும். அப்புறம் ஒட்டினால் ஒட்டுக்குச் சுமையே இல்லை.

பட்டறைக்காரன் | புதன், மதியம் 12.15

அதுவும் நியாயம்தான். அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். 945-க்கு ரோலிங் போட்டு வாங்கட்டும், ஹோஸ் கட்டிக் கம்பித் தலையைச் சரி பார்க்கட்டும். தம்பி, ரோலிங் பைப்பை மிஷினை விட்டு இறக்கியதும் கொஞ்சம் விரியும். பிளைவுட்டில் 945 ஆர வில் ஒன்று வெட்டிக்கொண்டு போய் அங்கேயே வைத்துப் பாருங்கள்.

வெல்டிங் அன்றைக்குத் தரையில் டைல்ஸ் இருந்தால், பக்கத்தில் ஜன்னல் கண்ணாடி இருந்தால், ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். பொறி பட்ட கண்ணாடியில் புள்ளி விழுந்தால் போகவே போகாது. குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள், வெளிச்சத்தை ஒரு நிமிடம் பார்த்தாலே ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். படி நனைந்திருந்தால் அன்று வேலையே வேண்டாம்.

முத்துநகர்வாசி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.30

வேலை முடிந்தது. சொல்லிக்கொடுத்த உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

மூன்றாவது, பதினொன்றாவது படிகளின் பழைய வெல்டைக் கிரைண்டரால் முழுக்க எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். முன் ஓரக் கம்பிகளைக் கீழ்ப்படியோடு கோத்த அன்றே படி மாறிவிட்டது. முன்பு ஏறினால் டங் டங் என்று அதிரும். இப்போது கனமான ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது.

ரோலிங் பட்டறையில் 945 என்றதும் "படி 750 தானே தம்பி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். காகித முக்கோணத்தை அவர் மேசையில் இருந்த டீ டம்ளரில் சுற்றிக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பேசாமல் மிஷினைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். பிளைவுட் வில்லை வைத்துப் பார்த்ததில் முதல் தடவை அரை இஞ்ச் விரிந்திருந்தது, இன்னொரு ஓட்டு ஓட்டினார்.

வீட்டில் அடி முனையைக் கட்டிவிட்டு, மேல் முனையை மாடியிலிருந்து கயிறு போட்டு மெதுவாகத் தூக்கினோம். பைப் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து கம்பித் தலைகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பைப் சேரும் இடம் ஒரு கம்பியின் மேலேயே வருகிற மாதிரி வைத்து, உள்ளே ஒரு சின்னத் துண்டு செருகி ஒட்டினார்கள். கிரைண்டர் போட்டபின் கையில் தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் சிக்கியது. மாடியில் பிற்பாடு தட்டோடு பதித்ததால் தரை உயர்ந்து, கடைசிப் படி மட்டும் பத்து இஞ்ச் ஆகியிருக்கிறது. நான் எல்லாம் எட்டு என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். மேலே கைப்பிடி தாழ்ந்து நின்றது. கடைசி மூன்று கம்பியை எடுத்துவிட்டு நீளமாகப் போட்டு, பைப்பைக் கைப்பிடிச் சுவர் வரை ஒரு அடி மட்டமாக நீட்டிச் சுவரில் போல்ட் போட்டோம். அந்தப் படியின் ஓரத்தில் மஞ்சள் கோடு அடித்தாயிற்று. கீழ் முனை நெல்லை அம்மா சொன்னபடி வளைத்து மூடியிருக்கிறது.

பெயின்டுக்கு முன் படி முழுவதையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவிக் காயவிட்டோம், உப்பு மேல் பெயின்ட் நிற்காது என்று பெயின்டர் பிடிவாதமாக இருந்தார். எபாக்ஸி பிரைமர், மேலே இரண்டு கோட் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட், கிரீம் நிறம்.

அம்மா நேற்றுத்தான் ஏறினார்கள். தையல் போட்ட கையைக் கைப்பிடியின் கீழ் முனையில் வைத்து, எடுக்காமலே மாடி வரை வழுக்கவிட்டுக்கொண்டே போனார்கள். இறங்கி வந்து, "ஒன்பதாவது படிகிட்ட ஒரு சொரசொரப்பு இருக்குடா" என்றார்கள். போய்த் தடவிப் பார்த்தேன். பைப்பின் அடியில் கடுகு அளவு வெல்டிங் துளி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தொட்டுவிட்டேன்.

மாடித்தோட்டம் | ஞாயிறு, இரவு 8.45

முழுதும் படித்தேன், எனக்கும் இதே வேலை இருக்கிறது. எங்கள் படி எதிர்த்திசையில் சுற்றுகிறது, ஏறும்போது நடுப் பைப் இடது கைப் பக்கம். இறங்கும்போது வெளிக் கைப்பிடி இடது கைக்கு வருகிறது. வலது கை வேண்டும் என்று நடுப் பைப் பக்கம் கைப்பிடி போடலாமா?

சிவில்_திருச்சி | ஞாயிறு, இரவு 9.10

வேண்டாம். முத்துநகர்வாசியின் படி வலப்பக்கமாகச் சுற்றி ஏறுகிறது என்றால் இறங்கும்போது வலது கைக்குக் கைப்பிடி வரும், அது ஒரு வசதி. உங்களுக்கு அந்த வசதி இல்லைதான். ஆனாலும் நடுப் பைப் பக்கம் படி ஆப்புப் போலக் குறுகிவிடும், பாதம் முழுதாகப் பதியாது. கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கால் போகும். எனவே கைப்பிடி வெளி ஓரத்திலேயே இருக்கட்டும். இறங்கும்போது வாளி, செடித் தொட்டி தூக்குவதாக இருந்தால் வலது கையில் தூக்கிப் பழகுங்கள், இடது கை கைப்பிடியில்.

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 9.30

ஒவ்வொரு படியின் உயரத்தையும் தனித்தனியாக அளந்து எழுதிப் போடுங்கள், முதல் படியையும் கடைசிப் படியையும் இரண்டு தடவை. பிறகு கம்பி நீளம் சொல்கிறேன்.